இயந்திரம் எழுதும் செய்தியை நாம் எப்படி வாசிக்கிறோம்?

மோர்டென்ஸ்ருட்டிலிருந்து மூன்றாம் இலக்க நிலக்கீழ் தொடருந்தில் வேலைக்குப் போகும் நம்மவர்கள் கைத்தொலைபேசியில் பார்க்கும் உதைபந்தாட்டச் செய்தி, மனிதர் எழுதாததாகவும் இருக்கலாம். நோர்வேயின் செய்தி முகவரகமான என்.ரி.பி. 2016 இல் ஆட்டச் செய்திகளைக் கணினி நிரலால் எழுதுவிக்கத் தொடங்கியது. கோல் அடித்தவர், நிமிடம், மஞ்சள் அட்டை ஆகிய தரவுகளைக் கொடுத்தால் ஆட்டம் முடிந்த கையோடு செய்தி வந்துவிடும்.

வாசகருக்கு வித்தியாசம் தெரிகிறதா? சுவீடனின் கார்ல்ஸ்ராட் பல்கலைக்கழக ஆய்வாளர் கிறிஸ்டர் கிளெர்வால் 2014 இல் இதைச் சோதித்தார். எழுதியவர் யார் என்று சொல்லாமலே வாசிக்கக் கொடுத்தபோது, பலரால் உறுதியாகப் பிரித்தறிய முடியவில்லை. மனிதர் எழுதியது வாசிக்க இனிமையாக இருந்தது. இயந்திரம் எழுதியது சலிப்பூட்டினாலும் பக்கஞ்சாராததாகத் தெரிந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் வறண்ட நடையை நடுநிலை என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது.

வறண்ட நடையிலும் பிழை வரும். லொஸ் ஏஞ்சல்ஸ் ரைம்ஸ் பத்திரிகையின் நிலநடுக்கச் செய்தி நிரல் 2014 மார்ச்சில் சில நிமிடங்களில் செய்தி தந்து பாராட்டுப் பெற்றது. அதே நிரல் 2017 ஜூனில், 1925 இல் சாந்தா பார்பராவில் நடந்த நிலநடுக்கத்தை அன்று நடந்ததாக அறிவித்தது. பழைய பதிவொன்று திருத்தப்பட்டதில் வந்த வினை. சாந்தா பார்பராவில் இருந்த எவருக்கும் நிலம் ஆடவில்லை என்று தெரிந்திருக்கும், நிரலுக்குத் தெரியாது.

நாங்கள் ஊர்ச் செய்தியை நடையைப் பார்த்து நம்பியவர்கள் அல்லர். "ஆர் சொன்னது?" என்று கேட்டே நம்பினோம். பிபிசிக்குச் செய்தி அனுப்பிவந்த மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்ரோபர் 19 அன்று யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். தராக்கி சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். அவர்கள் எழுதியதற்குப் பின்னால் ஓர் ஆள் நின்றார் என்பது வாசகருக்குத் தெரியும். நிரலை எவரும் மிரட்ட முடியாது என்பது உண்மை. ஆனால் அது கிளிநொச்சிக்குப் போய் ஒருவரிடம் கேட்டு வரவும் மாட்டாது.

ஆங்கிலத்திலிருந்து தானாக மொழிபெயர்க்கப்பட்ட செய்தியைப் பிடிக்க ஊர்ப்பெயர்கள் உதவும். ஆனையிறவு 'எலிபன்ட் பாஸ்' ஆகியிருக்கும், பருத்தித்துறை 'பொயின்ட் பெட்ரோ' ஆகியிருக்கும். அப்பம்மா அந்த இடத்திலேயே வாசிப்பதை நிறுத்திவிடுவார். இங்கே பிறந்த பேரப்பிள்ளை அதை அப்படியே குடும்பக் குழுவில் பகிர்ந்துவிடும்.