நன்மை வாங்கலாமா, சாமி?

சென்ற தவக்காலத்தில் ஒரு நாள், காலைத் திருப்பலிக்கு முன், ஒரு தாய் தயங்கித் தயங்கி நம்மிடம் வந்தார். "மாத்திரை போட்டுக்கிட்டா நன்மை வாங்கலாமா, சாமி?" என்று கேட்டார். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்தவர் அவர். மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை ஒருசந்தி நாட்களில் விட்டுவிடுவதாகவும் கூறினார். நமக்குத் திடுக்கென்றது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 919-ஆம் சட்டம், நற்கருணைக்கு முந்திய ஒரு மணி நேர நோன்பிலிருந்து தண்ணீரையும் மருந்தையும் விலக்கி வைத்திருக்கிறது. நோயாளருக்கு அந்த ஒரு மணி நேரமும் கட்டாயமன்று. நம் மறையுரைகளில் இதை எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்?

அவர் கையிலிருந்த அட்டையில் 'டாமாக்சிஃபென்' என்று அச்சிட்டிருந்தது. அம்மருந்தின் வரலாற்றைத் தேடிப் படித்தோம்.

1896-இல் கிளாஸ்கோ நகர மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்களின் சினைப்பைகளை அகற்றியபோது கட்டி சுருங்கக் கண்டு எழுதினார். சினைப்பையில் சுரக்கும் நீரொன்று கட்டியை வளர்க்கிறது என்பது பின்னரே தெளிவாயிற்று. ஈஸ்ட்ரோஜன் என்னும் பெயர்கூட அன்று அதற்கு இல்லை.

1962-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலார் ஒரு பொருளை உருவாக்கினார். ஆர்தர் வால்போல் என்பவரின் குழு அப்போது தேடிக்கொண்டிருந்தது கருத்தடை மருந்தை. எலிகளிடம் அது கருவைத் தடுத்தது; பெண்களிடமோ சினைமுட்டை வெளிப்படுவதைத் தூண்டியது! குழந்தை வேண்டாம் என்பதற்காகச் செய்த மருந்து, குழந்தைக்காக ஏங்கிய பெண்களுக்குச் சில நாடுகளில் உதவும் மருந்தாயிற்று. 1968-ஆம் ஆண்டின் 'மனித உயிர்' சுற்றுமடலை நினைவிற்கொண்டிருக்கும் நம் வாசகர்கள் இங்கே சற்றுப் புன்னகைக்கலாம்.

நோக்கம் தவறிய பொருளை நிறுவனங்கள் அலமாரியில் போட்டுவிடுவதே வழக்கம். வால்போல் விடவில்லை. 1971-இல் மான்செஸ்டர் கிறிஸ்டி மருத்துவமனையில் மேரி கோல் அம்மையார், முற்றிய நோயுற்ற பெண்களுக்கு அதைக் கொடுத்து, சிலரிடம் கட்டி சுருங்கியதை வெளியிட்டார். 1973-இல் பிரிட்டனிலும் 1977-இல் அமெரிக்காவிலும் அம்மருந்து ஒப்புதல் பெற்றது. கிரெய்க் ஜோர்டன் என்ற அறிஞர் (2024-இல் காலமானார்) விலங்குகளில் ஆய்ந்து, நீண்ட காலம் கொடுப்பதே மிகுந்த பயன் தரும் என்று எடுத்துக்காட்டினார். அந்த நீண்ட காலத்தைத்தான் நம் தாய் தவக்காலத்தில் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தார்.

நம் மாநிலத்தில் இந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை எழுந்ததும் ஒரு துயரத்திலிருந்துதான். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தொடங்கிற்று. தருமபுரி மக்கள் அங்கும், 1973-இல் பெங்களூரில் அமைந்த கித்வாய் நிலையத்திற்கும் பேருந்தேறிச் செல்பவர்கள். 2008-இல் தருமபுரியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்தது ஓர் ஆறுதல்.

மருந்து செய்வது இதுவே: கட்டியின் உயிரணுக்களில் ஈஸ்ட்ரோஜன் வந்து அமரும் இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறது. அவ்விடமே இல்லாத கட்டிக்கு இது பயன்படாது. ஆகவே ஒருவர் மாத்திரையை மற்றவர் விழுங்கலாகாது. பெரும்பாலும் நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், ஐந்து ஆண்டுகள், சிலருக்குப் பத்து. ஐந்தாண்டு முறையாக உட்கொண்டவர்களில், அடுத்து வந்த பத்தாண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால், இந்நோயால் இறப்போர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கின்றனர். உடல் தேறிவிட்டது என்று தாமே நிறுத்துவோர் இழப்பது இதைத்தான். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரட்டிப்பாக விழுங்கவும் கூடாது.

மருந்துக்கு மறுபக்கமும் உண்டு. உடல் தகிப்பு பலருக்கு வரும். தொல்லையே தவிர ஆபத்தன்று. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஆகியவை இரத்தம் உறைந்ததன் அறிகுறியாகலாம். அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். சென்னைக்கு நெடுநேரம் பேருந்தில் அமர்ந்து செல்பவர்கள் இடையில் இறங்கிச் சற்று நடப்பது நன்று. மாதவிலக்கு நின்ற பின் உதிரம் கண்டால் கூச்சப்பட்டு மறைக்கலாகாது. கருப்பைப் புற்றுநோய் சிறுபான்மையோருக்கு இம்மருந்தால் வருவதுண்டு. இதை உட்கொள்ளும் காலத்திலும் நிறுத்திய பின் சில மாதங்களும் கருவுறுதல் சிசுவுக்குத் தீங்கு. இளம் தம்பதியர் மருத்துவரிடமும், தேவையானால் பங்குக் குருவிடமும் மனம்விட்டுப் பேசட்டும்.

மனச்சோர்வுக்குத் தரப்படும் பராக்சிடின், ஃபுளுவாக்சிடின் போன்ற சில மாத்திரைகள் இதன் ஆற்றலைக் குறைக்கக்கூடும். இரத்தம் உறையாதிருக்கத் தரும் வார்ஃபரினோடும் இது ஒத்துப்போகாது. இதைச் சொன்னபோது அத்தாயின் முகம் மாறியது. கணவரை இழந்த நாளிலிருந்து வேறொரு மருத்துவர் தந்த மாத்திரையையும் இரவில் விழுங்கி வருகிறாராம். அதன் பெயர் அவருக்குத் தெரியவில்லை. "ரெண்டு அட்டையையும் எடுத்துக்கிட்டுப் போய்க் காட்டுங்கம்மா. அதுவரைக்கும் எதையும் நீங்களா நிறுத்தாதீங்க" என்றோம். அன்று அவர் நன்மை வாங்கினார். மறுநாள் விடியற்காலைப் பேருந்தில், மகளோடு, இரண்டு அட்டைகளையும் முந்தானையில் முடிந்துகொண்டு புறப்பட்டார்.