கலப்பின மீனும் என் பழைய பாடமும்

"கலப்பினம் என்றால் மலடு, கோவேறு கழுதையைப் பாருங்கள்" என்று பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மையல்ல என்று ஒரு மீனின் வரலாறு எனக்குக் கற்றுத்தந்தது.

1965இல் அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில், ஸ்ட்ரைப்ட் பாஸ் பெண்மீனின் முட்டையோடு வெள்ளை பாஸ் ஆண்மீனின் விந்தைச் சேர்த்து ஒரு கலப்பினத்தை உருவாக்கினார்கள். பெருகிய ஷாட் மீன்களைத் தின்னவும், தூண்டில்காரர்களுக்கு மீன் கிடைக்கவும் நீர்த்தேக்கங்களில் விட்டார்கள். வேகமாக வளர்ந்தது. ஆனால் அது மலடல்ல. பெற்றோர் இனங்களோடு கூடி இனம்பெருக்கக்கூடியது.

சிறிய ஏரியில் விட்டால், இரை தீர்ந்தபின் எதைத் தின்னும்? வெள்ளத்தில் ஆற்றுக்குப் போனால் யார் பிடித்து வருவது? விடுவதற்கு ஒரு வாளி போதும். திரும்ப எடுப்பது எளிதல்ல.

என் பழைய மாணவர்களே, அந்தப் பாடத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்.