கப்பலில் திருப்பி அனுப்பப்பட்ட சட்டம்

புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளி. அங்கே வரலாற்றுப் புத்தகத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு ஒதுக்கியிருந்தது அரைப் பக்கம். 1794 பிப்ரவரி 4-ஆம் தேதிக்கு முழுப் பக்கம், படத்தோடு. அன்றுதான் பாரீஸில் கூடிய கொன்வான்சியோன் சபை, பிரெஞ்சுக் குடியேற்றங்கள் எல்லாவற்றிலும் அடிமை முறை ஒழிந்தது என்று தீர்மானம் போட்டது. எங்கள் வாத்தியார் (முசியே என்றுதான் கூப்பிடுவோம்) கரும்பலகையில் அந்தத் தேதியை எழுதி அடியில் இரண்டு கோடு போடுவார். பாடம் முடிந்து மணி அடிக்கப் போகும் நேரத்தில் தமிழுக்கு வந்துவிடுவார். "அமெரிக்காக்காரன் இதுக்காக நாலு வருஷம் ஒருத்தனை ஒருத்தன் சுட்டுக்கிட்டுச் செத்தான். நாம ஒரே காகிதத்துல முடிச்சிட்டோம்" என்பார். அந்த 'நாம' அப்போது எங்கள் யாருக்கும் உறுத்தவில்லை.

அந்தக் காகிதம் பிறகு என்ன ஆயிற்று என்று முசியே சொல்லவில்லை. அறுபது வயதுக்கு மேல்தான் நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

முதலில் அமெரிக்காக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1860 நவம்பரில் லிங்கன் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடிமை முறையைப் புதிய பகுதிகளுக்குப் பரவவிடமாட்டேன் என்றுதான் சொன்னார். அதற்கே தெற்கு மாநிலங்கள் பொறுக்கவில்லை. டிசம்பரில் தென் கரோலினா பிரிந்தது. ஒன்றன்பின் ஒன்றாக மொத்தம் 11 மாநிலங்கள் போயின. 1861 ஏப்ரல் 12-ல் சம்டர் கோட்டைமேல் குண்டு விழுந்தது. முதல் ஒன்றரை வருஷம் லிங்கனே இது ஒன்றியத்தைக் காப்பாற்றும் போர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். 1863 ஜனவரி 1-ல்தான் விடுதலைப் பிரகடனம். அதுவும் கலகம் செய்த பகுதிகளுக்கு மட்டும். அந்த ஜூலையில் கெட்டிஸ்பர்க், விக்ஸ்பர்க் இரண்டிலும் தெற்குக்குத் தோல்வி. 1865 ஏப்ரல் 9-ல் தளபதி லீ சரணடைந்தார். ஐந்தே நாளில் லிங்கன் சுடப்பட்டார். செத்தவர்கள் ஆறு லட்சத்துக்கு மேல். விடுதலையானவர்கள் ஏறத்தாழ நாற்பது லட்சம் பேர்.

இதில் ஒரு துளி நம் பக்கமும் தெறித்தது. தெற்கு மாநிலங்களின் போர்க்கப்பல் 'அலபாமா', வடக்கு மாநிலங்களின் வணிகக் கப்பல்களைத் தேடித் தேடிக் கொளுத்திக்கொண்டு இந்துமாக்கடல் வரைக்கும் வந்தது. 1864 ஜனவரியில் மலையாளக் கரைக்கு அப்பால் 'எம்மா ஜேன்' என்ற கப்பலைப் பிடித்து எரித்து, அதிலிருந்த ஆட்களை அஞ்சுதெங்கில் இறக்கிவிட்டுப் போயிற்று. நம் அஞ்சுதெங்குதான், வர்க்கலைக்குப் பக்கத்தில். திருநெல்வேலிப் பருத்திக்கு அந்த நான்கு வருஷம் நல்ல விலை கிடைத்ததும், போர் முடிந்ததும் விலை சரிந்ததும் பலருக்குத் தெரிந்த கதை.

நான் சொல்ல வந்தது வேறு. அமெரிக்கத் தெற்கு பிரிந்ததற்கு 65 வருஷம் முன்பே, அடிமையை விடமாட்டோம் என்று தாய்நாட்டின் கட்டளையை மீறிய ஒரு தீவு இதே இந்துமாக்கடலில் உண்டு. இன்று மொரீசியஸ் என்கிறோம். அன்று அதன் பெயர் இல் தெ பிரான்ஸ்.

அந்தத் தீவுக்கும் புதுச்சேரிக்கும் நெருங்கிய உறவு. 1735-ல் அங்கே கவர்னராகப் போன லாபூர்தொன்னே, போர்ட் லூயி துறைமுகத்தைக் கட்டுவதற்குப் புதுச்சேரியிலிருந்து கொத்தனார், தச்சர், கொல்லர்களை வரவழைத்தார். அவர்கள் கூலிக்குப் போனவர்கள். அவர்களைத் தவிர, விலைக்கு வாங்கப்பட்டும் நம் ஆட்கள் போனார்கள். பெரும்பான்மை அடிமைகள் மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் வந்தவர்கள் என்றாலும் இந்திய அடிமைகளும் கணிசமாக இருந்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1743-ஆம் வருஷத்தில் ஓர் ஆள்கடத்தல் கூட்டம் பிடிபட்ட கதையை எழுதியிருக்கிறார். வேலை தருகிறோம் என்று ஏமாற்றி அழைத்துவந்து, தலையை மழித்து, கறுப்புத் துணி கட்டி, காலில் விலங்கு மாட்டி, கப்பல் வரும்வரை அடைத்து வைத்தார்களாம். நான் பிறந்து வளர்ந்த ஊரில் நடந்தது இது. என் பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை.

1794 தீர்மானத்துக்கு வருவோம். புதுச்சேரியை 1793 ஆகஸ்டிலேயே ஆங்கிலேயர் பிடித்துவிட்டதால் அந்தச் சட்டம் புதுச்சேரிக்கு வரவே இல்லை. இல் தெ பிரான்ஸ் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அங்கே தோட்டக்காரர்களின் குடியேற்ற சபை என்று ஒன்று இருந்தது. பாரீஸிலிருந்து சேதி வந்தது. சபை காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் சில கோப்புகளை மேல் அதிகாரி கேட்கும்வரை அலமாரிக்கு அடியில் வைத்திருப்பார்கள் அல்லவா, அந்த மாதிரி இரண்டு வருஷம் ஓட்டினார்கள்.

1796 ஜூனில் பாக்கோ, பியூர்னெல் என்ற இரண்டு ஆணையர்கள் அட்மிரல் செர்சேயின் போர்க்கப்பல்களோடு வந்து இறங்கினார்கள். கையில் சட்டம், கூடவே பட்டாளம். தீவே கொந்தளித்தது. சேன் தொமேங்கில் (இன்றைய ஹெய்ட்டி) அடிமைகள் கிளம்பித் தோட்டங்களைக் கொளுத்திய சேதி அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நாங்களும் அப்படிச் சாகவேண்டுமா என்றார்கள். ஆணையர்களுக்குத் துணையாக வந்த பட்டாளமும் அசையவில்லை. வந்த சில நாட்களிலேயே இரண்டு பேரையும் வேறொரு கப்பலில் ஏற்றி, மணிலாவுக்குக் கொண்டுபோய் விடு என்று உத்தரவு போட்டு அனுப்பிவிட்டார்கள். சட்டத்தையும் அவர்களோடேயே அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லவேண்டும். நடுக்கடலில் மாலுமிகளைப் பேசிச் சரிக்கட்டி அந்த இருவரும் எப்படியோ பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே போய் என்ன பயன்?

ஒரு குண்டு வெடிக்கவில்லை. கொடியையும் மாற்றவில்லை. பிரான்ஸுக்கு விசுவாசமான பிரஜைகள் என்று சொல்லிக்கொண்டே, ஏழு வருஷம் தீவைத் தனி நாடு மாதிரி நடத்தினார்கள். பக்கத்துப் பூர்போன் தீவும் (இன்றைய ரெயூனியோன்) இதே வழிதான். பாரீஸ் சண்டைக்கு வரவில்லை. ஐரோப்பாவில் அதற்கு வேறு சண்டை இருந்தது. 1802 மே மாதம் நெப்போலியன் அடிமை முறையைத் தொடரச் சட்டமே போட்டுவிட்டார். 1803-ல் கவர்னர் தெக்கான் வந்தபோது தோட்டக்காரர்களுக்கும் தாய்நாட்டுக்கும் மறுபடி சமாதானம். லிங்கன் சண்டை போட்டார், நெப்போலியன் விட்டுக்கொடுத்தார். முசியே கோடு போட்ட அந்தத் தேதிக்கு எங்கள் கடலில் இருந்த மதிப்பு இவ்வளவுதான்.

1810-ல் தீவை ஆங்கிலேயர் பிடித்தார்கள். சரணாகதி உடன்படிக்கையில் குடிமக்களின் சட்டம், வழக்கம், மதம், சொத்து எதிலும் கை வைக்கமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். சொத்து என்றால் அடிமையும் அதில் அடக்கம். மொரீசியஸில் விடுதலை 1835 பிப்ரவரி 1-ல் வந்தது. எசமானர்களுக்கு நஷ்டஈடு கொடுத்தார்கள். அடிமையாக இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை, அதோடு பயிற்சியாள் என்ற பெயரில் இன்னும் நாலு வருஷ வேலை. கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே என்று இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். ரெயூனியோனில் விடுதலை 1848 டிசம்பர் 20-ல். அங்கே புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் போனார்கள். அதைத் தனியாக ஒருநாள் எழுதவேண்டும்.

பூர்போனில் நடந்த ஒரு வழக்கை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. மதலேன் என்ற பெண் வங்காளத்துச் சந்திரநாகூரில் பிறந்தவள். சிறுமியாக இருந்தபோதே விற்கப்பட்டு, பிரான்ஸ் போய், அங்கிருந்து பூர்போனுக்கு வந்து சேர்ந்தாள். அவளுக்கு 1789-லேயே எசமானி விடுதலைப் பத்திரம் எழுதியிருந்தாள். அவளிடம் அதை யாரும் சொல்லவில்லை. அவள் இறந்த பிறகு கிடைத்த காகிதங்களை வைத்துக்கொண்டு, மகன் ஃபுர்சி 1817-ல் வழக்குப் போட்டான். வழக்குப் போட்டதற்குச் சிறை. பிறகு மொரீசியஸுக்குக் கடத்தல். 1843 டிசம்பரில் பாரீஸ் நீதிமன்றம், இவன் பிறப்பிலேயே சுதந்திரன் என்று தீர்ப்புச் சொன்னது. அப்போது அவனுக்கு 57 வயது.

நான் இப்போது இருப்பது காட்டுப்பள்ளியில். மகனுக்குத் துறைமுகத்தில் வேலை. காலையில் நடக்கப் போனால் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு கப்பல்கள் நிற்பது தெரியும். இதே கடற்கரையோடு வடக்கே போனால் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்ட்ரியா கோட்டை கட்டிய ஊர். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரையில் சோழமண்டலக் கரை முழுமைக்கும் அவர்களுக்கு அதுதான் தலைமையிடம். பழவேற்காடு என்றால் ஏரியும் பூநாரையும் இறாலும்தான் எல்லோருக்கும் நினைவு வரும். துணி வியாபாரம் கொஞ்சம் பேருக்குத் தெரியும். ஆள் வியாபாரம் நடந்தது அநேகமாக யாருக்கும் தெரியாது.

பத்தேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. இங்கே மழை பொய்த்தாலோ, நாயக்கர்களும் சுல்தான்களும் மோதிக்கொண்டாலோ மனித விலை இறங்கிவிடும். பிள்ளையை விற்பார்கள், கடைசியில் தன்னையே விற்றுக்கொள்வார்கள். 1622, 1623 பஞ்சத்தில் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து ஏறத்தாழ 2,000 பேர் போனார்கள். 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையில் பிஜப்பூர்ப் படையெடுப்பும் பஞ்சமும் சேர்ந்தபோது சோழமண்டலக் கரையிலிருந்து எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர் ஏற்றப்பட்டார்கள், பெரும்பாலும் இலங்கைக்கு. பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்ட வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே வியாபாரிகளும் அவர்கள் மனைவி மக்களும் பேர், ஊர், தேதியோடு படுத்திருக்கிறார்கள். கோட்டை இருந்த இடத்தில் இப்போது முட்புதர். கப்பலேறியவர்களுக்குப் பேர் எழுதிய கல் எங்கும் இல்லை.

கடல் தாண்டிப் போகாதவர்கள் கதையும் இருக்கிறது. பொன்னேரி, திருவள்ளூர் எல்லாம் அன்று செங்கல்பட்டு ஜில்லா. மிராசுதார் நிலம் கைமாறினால் பண்ணையாளும் சேர்ந்து கைமாறுவான். அதற்கு முடிவு என்று சொல்லப்படுவது 1843-ன் ஐந்தாவது சட்டம். நாற்பது வருஷம் சட்டம், அரசாணை படித்துக் குறிப்பெழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது கெட்டிக்காரத்தனமான சட்டம். அடிமைகளை விடுவித்தோம் என்று அதில் எங்கும் இல்லை. ஒருவன் அடிமை என்ற அடிப்படையில் உரிமை கோரினால் எந்த நீதிமன்றமும் அதை ஏற்காது, அவ்வளவுதான். பண்ணையாளிடம் போய் யார் சொல்வது? மதலேனிடம் யார் சொன்னார்கள்? ஆளை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்று ஆனதே 1862-ல் தண்டனைச் சட்டம் அமலுக்கு வந்தபோதுதான். 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையைப் படித்தால், அத்தனை சட்டத்துக்குப் பிறகும் கடன் பத்திரத்தில் உழைப்பை அடகு வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அந்த அறிக்கையிலிருந்து பிறந்ததுதான் 1892-ன் 1010-ஆம் அரசாணையும் பஞ்சமி நிலமும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வர 1976 ஆயிற்று.

இதையெல்லாம் இவ்வளவு கரிசனமாக எழுதுகிறவன் தன் மேசையில் என்ன செய்தான் என்றும் எழுதவேண்டும் அல்லவா?

2003 வாக்கில், ஓய்வுக்குச் சில வருஷம் முன்பு, நான் ஒரு வருவாய்த் துறை அலுவலகத்தில் இருந்தேன். ஊர் வேண்டாம். ஓர் அரிசி ஆலையிலிருந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களின் பட்டியல் என் மேசைக்கு வந்தது. ஒவ்வொருவருக்கும் விடுதலைச் சான்றிதழ் தயார் செய்யவேண்டும். அது இருந்தால்தான் மறுவாழ்வுத் தொகை 20,000 ரூபாய் கிடைக்கும், அதைவிட, வாங்கிய முன்பணத்தைக் கேட்டு முதலாளி வாசலில் வந்து நிற்க முடியாது. பட்டியலில் ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. கணவன் பெயரும் ஒன்றே. இரட்டைப் பதிவு என்று முடிவு செய்து ஒன்றைச் சிவப்பு மையால் அடித்தேன். கையெழுத்தாகி, எல்லோருக்கும் கொடுத்து முடித்துக் கோப்பையும் மூடிவிட்டேன்.

பதினொரு நாள் கழித்து ஒரு பெண் வந்து வராந்தாவில் நின்றாள், இடுப்பில் ஒரு பிள்ளையோடு. "எனக்கு மட்டும் காயிதம் வரல சாமி. எங்கூட்டுக்காரருக்கு வந்துச்சி. ஆலைக்காரரு ஆளு அனுப்பிச்சி, உம் பேரு விடுதலைல இல்ல, நீ மட்டும் வந்துடுன்னு சொல்றாரு. நான் போவணுமா?" என்றாள்.

இருளர் குடியிருப்பில் ஒரே பெயரில் இரண்டு பெண்கள் இருப்பதும், அவர்கள் கணவன்மார் பெயரும் ஒன்றாக அமைவதும் அதிசயமா? வயதுப் பத்தியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஒருத்திக்கு 24, ஒருத்திக்கு 40. நான் பார்க்கவில்லை. "போக வேண்டாம்மா, உட்காரு" என்று சொல்லிவிட்டு, கோப்பைத் திறந்து என் கையாலேயே திருத்தக் குறிப்பு எழுதினேன். அதிகாரி முகாமிலிருந்து திரும்பும்போது மாலை ஆறு மணி. அதுவரைக்கும் அவள் எழுந்து போகவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், பிள்ளைக்கு ஊட்டிவிட்டாள். சான்றிதழில் பெருவிரல் ரேகை வைத்து வாங்கிக்கொண்டவள், அதை என்னிடமே திருப்பி நீட்டி, "எம் பேரு எங்க இருக்குன்னு காட்டு சாமி" என்றாள். காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டே படியிறங்கிப் போனாள்.