அச்சச் சுவையும் கோவலன் கூத்தும்

அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்பர் தொல்காப்பியர். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன அவை. இவை யாவும் அஞ்சுவோனுக்குப் புறத்தே நிற்பன. இருபதாம் நூற்றாண்டின் உளவியல் அச்சத் திரைப்படங்களோ அச்சத்தின் ஊற்றை மனித மனத்துள் வைத்தன. அதனால் பார்வையாளரின் வன்முறை வேட்கையும் ஆராய்ச்சிக்குரிய பொருளாயிற்று.

1960ஆம் ஆண்டில் அல்பிரட் ஹிட்ச்கொக்கின் 'சைக்கோ', மைக்கல் பவலின் 'பீப்பிங் டொம்' ஆகிய இரு படங்கள் வெளிவந்தன. முன்னையது பெருவசூல் ஈட்டியது. பின்னையது பிரித்தானிய விமர்சகரின் கடுஞ்சினத்துக்கு இலக்காகி, நெறியாளரின் தொழில்வாழ்வையே தாழ்த்தியது. தான் கொல்லும் பெண்களின் மரண அச்சத்தைப் படம்பிடித்துப் பார்ப்பவன் பவலின் நாயகன். கொலையைக் காணும் இன்பத்தில் அரங்கிலிருப்போருக்கும் பங்குண்டு என்பதை அப்படம் உணர்த்தியமை அச்சினத்துக்கு ஒரு காரணம் எனலாம்.

தமிழில் பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' (1978), மட்டக்களப்பிற் பிறந்த பாலுமகேந்திராவின் 'மூடுபனி' (1980) ஆகியன இவ்வகையின. முன்னையதில், படமாக்கப்பட்ட கொலைகளைக் கண்டு களிக்கும் வளர்ப்புத் தந்தை ஒருவன் வருகிறான். இரு படங்களும் கொலைஞனின் மனப்பிறழ்வுக்கு அவனது இளமைக் காலத்திற் காரணம் காட்டுகின்றன. கொலையுண்ட பெண்களோ பெரும்பாலும் வந்து மறைபவரே. கொன்றவனுக்கு வரலாறு உண்டு. கொல்லப்பட்டவருக்கு அது இல்லை.

வன்னியில், சிறப்பாக முல்லைத்தீவுப் பகுதியில், வழிவழியாக ஆடப்பட்டுவரும் கோவலன் கூத்து இதற்கு மறுதலையானது. அங்கும் கொலை உண்டு. அதனைக் காண மக்கள் இரவிரவாக விழித்திருப்பர். ஆதலின் வன்முறையைக் காணும் விருப்பம் சினிமா தந்த நோய் என்பது பொருந்தாது. ஆயின் கோவலன் கதை கொலையுடன் முடிவதில்லை. வெட்டுண்டவனின் மனைவி அரசவையில் வழக்குரைக்கிறாள். தொல்காப்பியர் கூறிய நான்காம் நிலைக்களனாகிய இறையே ஈண்டு மறுமொழி கூறவேண்டியவன் ஆகிறான். நந்திக்கடற் கரையிலுள்ள வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலில் வழிபடப்படும் தெய்வமும் அவளே.

அந்நந்திக்கடலை அண்டிய முள்ளிவாய்க்காலில் 2009 மே மாதத்தில் போர் முடிவுற்றது. அவ்விறுதி நாள்களின் கொடுங்காட்சிகள் உலகெங்கும் காட்டப்பட்டன. கண்டோர் மிகப் பலர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர், பெரும்பாலும் தாய்மார், தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அவர்கள் கையில் ஏந்தியவை தம் பிள்ளைகளின் முகம் காட்டும் படங்கள். கண்ணகியின் வழக்குரைத்தல் மரபு அங்கே தொடர்ந்தது எனல் மிகையாகாது.

கொலையைக் காட்டும் கலை, கொலையுண்டவர் யாவர் என்பதையும், அவருக்காக வழக்குரைப்பவர் எவர் என்பதையும் கூறுதல் வேண்டும். அஃதின்றேல் பார்ப்பவன், 'சிகப்பு ரோஜாக்க'ளின் வளர்ப்புத் தந்தையாகவே எஞ்சுவான்.