முகப்புரையின் எழுவாய்: அரசமைப்பின் பொருளும் தன்மைப் பன்மையும்

1. முன்னுரை

ஒரு நாட்டின் அரசமைப்பு யாது, அஃது எதன் பொருட்டு இயற்றப்படுகிறது என்னும் வினாக்களுக்குச் சட்ட அறிஞர்கள் அதிகாரப் பகிர்வு, அடிப்படை உரிமைகள், நீதிமன்றத்தின் ஆய்வதிகாரம் ஆகியவற்றைக் கொண்டு விடை கூறுவர். மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் அவ்வினாக்களை மற்றொரு வழியிலும் அணுகலாம். இந்திய அரசமைப்பின் முகப்புரை ஒரே வாக்கியத்தால் ஆனது. அதன் எழுவாயாக அமைவது ஒரு தன்மைப் பன்மைப் பெயர். இந்திய மொழிகள் அப்பெயரை ஆண்டுள்ள முறை அரசமைப்பின் பொருளை விளக்கவல்லது என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

2. சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் 'கான்ஸ்டிடியூஷன்' என வழங்கும் சொல், 'நிலைபெற நிறுவுதல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. பிரிட்டனில் அது ஆட்சி நடைபெறும் முறைமை முழுவதையும் குறித்தது. அங்கு இன்றும் அரசமைப்பு ஒரே ஆவணமாகத் தொகுக்கப்படவில்லை. 1787இல் அமெரிக்காவிலும் 1791இல் பிரான்சிலும் அரசமைப்புகள் எழுத்து வடிவில் இயற்றப்பட்டபோது, அரசைத் தோற்றுவித்து அதனை வரம்புக்குட்படுத்தும் முதன்மை ஆவணம் என்னும் பொருள் வலுப்பெற்றது. அரசமைப்பு அரசின் செயலன்று, அரசை அமைக்கும் மக்களின் செயல் என்று தாமஸ் பெய்ன் 1791இல் வாதிட்டார்.

தமிழின் 'அரசமைப்பு', மலையாளத்தின் 'பரணகடன', மராத்தியின் 'ராஜ்யகடனா' ஆகியவை கட்டமைப்பைச் சுட்டுகின்றன. தெலுங்கின் 'ராஜ்யாங்கம்' உறுப்பினைச் சுட்டுகிறது. அரசு எவ்வாறு அமைந்தது என்பதை இச்சொற்கள் உணர்த்துகின்றன. அமைத்தவர் யார் என்பதை இவற்றுள் ஒன்றும் உணர்த்தவில்லை. அதனை உணர்த்துவது முகப்புரையின் எழுவாயே.

3. இயற்றியவர் யார்

1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டமும் ஆட்சியின் அமைப்பை விரிவாக வகுத்தது. அதன் விதிகள் பல இந்திய அரசமைப்பில் இடம்பெற்றுள்ளன. எனினும் அது பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். 1947ஆம் ஆண்டின் இந்திய விடுதலைச் சட்டமும் அத்தகையதே. 1949 நவம்பர் 26இல் அரசியல் நிர்ணய சபை ஏற்ற அரசமைப்போ பிரிட்டிஷ் மன்னரின் இசைவுக்கு அனுப்பப்படவில்லை. அதன் இறுதி உறுப்பாகிய 395, மேற்கூறிய இரு சட்டங்களையும் நீக்கியது. எனவே இரண்டிற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு விதிகளில் மட்டுமன்று, அவற்றைக் கூறும் எழுவாயிலும் அமைந்துள்ளது.

1949 அக்டோபர் 17இல் சபை முகப்புரையை விவாதித்தது. கடவுளின் பெயரால் அதனைத் தொடங்க வேண்டும் என்று எச். வி. காமத் கொணர்ந்த திருத்தம் 41க்கு எதிராக 68 வாக்குகளால் தோற்றது. அரசமைப்பின் வேரும் அதிகாரமும் இறையாண்மையும் மக்களிடமிருந்தே வருகின்றன என்பதை முகப்புரை கொண்டுள்ளது என அம்பேத்கர் விளக்கினார்.

4. நாமும் நாங்களும்

ஆங்கிலத்திலும் இந்தியிலும் தன்மைப் பன்மைக்கு ஒரு வடிவமே உண்டு. தமிழில் முன்னிலையாரை உளப்படுத்துவது 'நாம்', விலக்குவது 'நாங்கள்'. பழந்தமிழில் 'யாம்' பின்னதன் இடத்தில் நின்றது. எனவே மூலத்தில் இல்லாத ஒரு தெரிவைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் செய்தே ஆக வேண்டும். தமிழாக்கம் 'நாம்' என்பதைக் கொண்டது. மராத்தியில் 'ஆபண' என்னும் உளப்பாட்டு வடிவம் இருந்தும் 'ஆம்ஹீ' ஆளப்பட்டது. குஜராத்தியில் 'அமே' என்பதும் தெலுங்கில் 'மேமு' என்பதும் வந்துள்ளன. இவை மூன்றும் கேட்போரை விலக்கும் வடிவங்கள்.

இவற்றுள் ஒன்றைப் பிழை எனல் பொருந்தாது. விலக்கும் வடிவம் உலகோர் முன் நின்று ஒரு மக்கள் தொகுதி செய்யும் அறிவிப்பாக முகப்புரையைக் காட்டுகிறது. உளப்படுத்தும் வடிவமோ படிப்பவரையும் இயற்றியவருள் ஒருவராக்குகிறது. தமக்குத் தாமே அரசமைப்பை வழங்கிக்கொள்வதாக முகப்புரை முடிவதால், அங்கே கொடுப்போரும் கொள்வோரும் ஒருவரே. அப்பொருளுக்கு 'நாம்' மிக நெருங்கியது எனலாம்.

இதில் கருதத்தக்க மற்றொன்றும் உண்டு. தமிழில் 'நாம்' அரசர் தம்மைக் குறிக்கும் பெருமிதப் பன்மையாகவும் வழங்கியது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இராசராசன் தன்னை அவ்வாறே குறிக்கின்றான். 'மக்கள்' என்னும் சொல்லை இயைத்ததால் முகப்புரையில் அப்பொருள் நீங்குகிறது. ஆணையிடும் ஒருவனுக்கு உரியதாய் இருந்த சொல் மக்கள் அனைவர்க்கும் உரியதாகிறது.

5. ஒரு தடை

சபை உறுப்பினர்களை 1946இல் மாகாணச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுத்தன. சொத்து, கல்வி, வரி ஆகியவற்றால் வரையறுக்கப்பட்ட வாக்குரிமையால் அம்மன்றங்கள் அமைந்திருந்தன. அவ்வாறாயின் 'நாம்' என்பது உண்மைக்குப் புறம்பானதன்றோ எனின், நிகழ்ந்ததை மட்டும் கூறும் சொல்லாக அதனைக் கொண்டால் அத்தடை வலியதே. ஆயின் அரசமைப்பின் உறுப்பு 326 வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வகுத்தது. 1951–52இல் நடந்த முதற் பொதுத்தேர்தலில் 17 கோடிக்கும் மேற்பட்டோர் வாக்காளராயினர். தன் எழுவாய் உண்மையாவதற்கான வழியை அரசமைப்பே தன்னுள் அமைத்துக்கொண்டது. இருந்த ஒரு மக்கள் தொகுதியின் விருப்பத்தைப் பதிவுசெய்வதோடு அதன் பயன் முடியவில்லை. சமமான குடிமக்களின் தொகுதியை உருவாக்குவதும் அதன் பயனாகும்.

6. முடிவுரை

1987இல் 58ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட உறுப்பு 394அ, இந்தி மொழிபெயர்ப்புக்கு மூலத்தின் பொருளையே கொள்ள வேண்டும் என்கிறது. மூலத்தின் பொருள் வெளிப்படையாக உள்ள இடத்தில் இவ்விதி போதுமானது. மூலமொழியின் இலக்கணம் வேறுபடுத்தாத ஒன்றைப் பெயர்ப்புமொழி வேறுபடுத்தும்போது, மொழிபெயர்ப்பாளர் அகராதியைக் கடந்து ஆவணத்தின் நோக்கத்தையே நாட வேண்டியவராகிறார். முகப்புரையின் எழுவாய் அதற்குச் சான்று. சட்ட மொழிபெயர்ப்பில் கலைச்சொற்களுக்குக் காட்டும் கவனத்தை இடப்பெயர்களுக்கும் காட்டுதல் இன்றியமையாதது. ஆள்வோர் பிறர், ஆளப்படுவோர் நாம் என்னும் பழைய பிரிவு ஓர் ஆவணத்தில் நீங்குவதும் நிலைப்பதும் அத்தகைய ஒரு சிறு சொல்லைப் பொறுத்ததாகலாம்.