சமுதாய அபிவிருத்தியை அளந்த வரலாறு

ஒரு திட்டத்திற்குச் செலவான பணத்தைக் கணக்கிடுவது எளிது; அதனால் விளைந்த பயனைக் கணக்கிடுவது எளிதன்று. சுதந்திர இந்தியா இதனை மிக முற்பட்டே உணர்ந்திருந்தது என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிட்டோம். 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியடிகளின் பிறந்த நாளன்று, சமுதாய அபிவிருத்தித் திட்டம் 55 இடங்களில் தொடங்கப்பெற்றது. அதே மாதத்தில் திட்டக் கமிஷனின்கீழ்த் திட்ட மதிப்பீட்டு நிறுவனமும் ஏற்பட்டது. விதைக்கும் நாளிலேயே மரக்காலையும் களத்திற்குக் கொண்டுவந்தது போன்ற செயல் அது.

இத்திட்டத்தில் அயல்நாட்டார் பங்கு சிறிதன்று. 1952 ஜனவரியில் இந்தியாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்படிக்கையின் வழியே உதவி வந்தது. கிராம ஊழியரைப் பயிற்றுவிக்க ஃபோர்டு அறநிலையம் பொருள் தந்தது. முன்மாதிரியாக அமைந்ததோ உத்தரப் பிரதேசத்து எட்டாவா மாவட்டம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையின் பொறியாளராக இந்நாட்டிற்கு வந்த ஆல்பர்ட் மேயர், 1948-இல் மகேவாவைச் சூழ்ந்த 64 கிராமங்களில் அம்முயற்சிக்கு வழிகாட்டினார். நல்ல கோதுமை விதையும் பசுந்தாள் உரமும் பரவின, விளைச்சலும் பெருகியது. ஆயினும் தேர்ந்தெடுத்த ஊழியர்களைக் கொண்டு, நெருங்கிய கவனிப்பில், சில கிராமங்களில் நடந்தது பல்லாயிரம் கிராமங்களிலும் அவ்வாறே நடக்குமா? அந்த வினாவுக்கு விடை காணுமுன்னரே திட்டம் நாடெங்கும் விரிந்தது. அவசரம் என்றே நாம் கருதுகிறோம். ஆனால் அன்றைய உணவுப் பஞ்சத்தை நினைப்போர் அதனைக் கடிந்து பேசத் தயங்குவர்.

அளப்பதிலும் இடர்ப்பாடு உண்டு. 1953–54-இல் பருவம் நன்கு அமைந்து, நாட்டின் தானிய விளைச்சல் முந்திய ஆண்டைவிட வெகுவாக உயர்ந்தது. திட்டம் நுழைந்த ஊரிலும் நெற்களம் நிறைந்தது. நுழையாத ஊரிலும் நிறைந்தது. இதில் வருண பகவானின் கொடை எவ்வளவு, கிராம சேவகரின் உழைப்பு எவ்வளவு என்று பிரித்தறிவது எங்ஙனம்?

தோண்டிய குழிகளையும் போட்ட சாலைகளையும் எண்ணிவிடலாம். மேற்கு உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் தங்கி ஆராய்ந்த சமூகவியல் அறிஞர் எஸ். சி. துபே எண்ணிக்கைக்கு அப்பாலும் நோக்கினார். எருக்குழிகள் ஊருக்கு வெளியே வெட்டப்பட்டன. சாணம் அள்ளுவது அங்கே பெண்டிர் வேலை. மேற்குடிப் பெண்டிர் சாணக் கூடையைச் சுமந்து ஊர்ப்புறம் நடப்பதை இழிவாகக் கருதினர். எனவே குழி இருந்தது, எரு இல்லை. அறிக்கையிலோ குழி வெட்டியதே சாதனையாக ஏறிற்று! வேளாண்மைப் பணியின் நன்மையில் ஏறத்தாழ 70 விழுக்காடு வசதியும் செல்வாக்கும் உள்ளோரையே சேர்ந்தது என்றும் அவர் கண்டார். 1958-இல் வெளிவந்த அவர்தம் நூலில் இவையனைத்தும் உள்ளன.

மதிப்பீட்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளும் ஏறக்குறைய இதே குறைகளைக் கூறின. கட்டடமும் கிணறும் எழுந்த அளவுக்கு மக்களின் சுயமுயற்சி எழவில்லை; எதற்கும் சர்க்காரையே எதிர்நோக்கும் பழக்கம் நீங்கவில்லை. சர்க்காரின் பணத்தில் இயங்கிய நிறுவனம் சர்க்காரின் செல்லத் திட்டத்தைப் பற்றி இவ்வாறு அச்சிட்டு வெளியிட்டது. திட்டத்தை நடத்திய நிர்வாகத்திற்குக் கட்டுப்படாமல் அந்நிறுவனம் தனித்து நின்றதே அதற்குக் காரணம் என்பது நம் துணிபு.

1957 ஜனவரியில் பல்வந்தராய் மேத்தா தலைமையில் ஆய்வுக் குழு அமைந்தது. நவம்பரில் அறிக்கை தந்தது. மக்களின் முன்முயற்சியைத் தூண்டத் திட்டம் தவறியது என்று அக்குழுவும் முடிவு கூறியது. பரிகாரமாக, கிராமம், வட்டாரம், மாவட்டம் என மூன்று படிகளில் அதிகாரத்தை மக்களிடமே ஒப்படைக்கச் சொன்னது. 1959 அக்டோபர் 2-ஆம் நாள் ராஜஸ்தானத்து நாகௌரில் நேரு பஞ்சாயத்து ராஜ்யத்தைத் தொடங்கி வைத்தார். நன்மை யாரைச் சேர்கிறது என்ற துபேயின் வினா மட்டும் புதிய பஞ்சாயத்துகளின் வாயிலிலும் காத்து நின்றது.