தேரும் யந்திர வடிவமைப்பின் அடிப்படைகளும்

யந்திர வடிவமைப்பு என்பது, ஓர் உறுப்பு தாங்க வேண்டிய பாரத்தை நிர்ணயித்து, அதற்கு இசைந்த பொருளையும் உருவத்தையும் அளவையும் தேர்ந்து, அது தன் ஆயுட்காலம் முழுவதும் முறியாமலும் மிகையாக வளையாமலும் விரைவில் தேய்ந்து போகாமலும் இருக்கும்படி அமைக்கின்ற சாஸ்திரமாகும். தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இப்பாடத்தில் நெடுநாள் துணையாக இருந்து வருவது, கோயமுத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி தொகுத்தளித்ததும் பரீட்சை மண்டபத்துக்குள்ளேயே எடுத்துச் செல்ல அனுமதிக்கப்படுவதுமான தரவு நூல். எஃகின் வலிமை அதில் உண்டு. தாங்கிகளின் அளவு உண்டு. பற்சக்கரத்துக்குரிய சூத்திரங்கள் உண்டு. ஆனால் உறுப்பின் மேல் வந்து இறங்கப் போகும் பாரம் எவ்வளவு, அது எவ்வழியாகத் தரையை அடையும் என்பதை எந்த நூலும் சொல்லித் தராது. அதை அனுமானிக்கும் விவேகமே இத்துறையின் முதற்பாடம். அதைக் கற்பதற்குத் தொழிற்சாலைக்குப் போக வேண்டுமென்பதுகூட இல்லை, திருவண்ணாமலை மாடவீதியில் நின்றாலே போதும்.

அருணாசலேசுவரர் திருக்கோயிலின் கார்த்திகைத் தீபத் திருவிழாவில் ஏழாம் நாள், விநாயகர் தேர், முருகர் தேர், மகாரதம் என்று வழங்கும் அண்ணாமலையாரின் பெரிய தேர், பெண்களே வடம் பிடிக்கும் அம்மன் தேர், சிறுவர்கள் இழுக்கும் சண்டிகேசுவரர் தேர் ஆகிய ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாக வலம் வருகின்றன. சிறிதும் பெரிதுமான இத்தேர்களை ஒரே நாளில் ஒரே வீதியில் காண்பவன், கலீலியோ 1638-இல் லெய்டன் நகரில் வெளியிட்ட இரு புதிய விஞ்ஞானங்கள் பற்றிய நூலில் விளக்கிய உண்மையை நேரில் காண்கிறான். ஒரு பொருளின் நீள அகல உயரங்களை இருமடங்காக்கினால் அதன் எடை எட்டு மடங்காகிறது. அவ்வெடையைத் தாங்கும் குறுக்குவெட்டுப் பரப்போ நான்கு மடங்கே ஆகிறது. ஆகவே சிறிய தேரின் அச்சை அதே விகிதத்தில் பெரிதாக்கி மகாரதத்துக்குப் பூட்டுவது விபரீதம்; பெரிய தேரின் அச்சு விகிதத்தை மீறிப் பருத்திருக்க வேண்டும்.

எவ்வளவு பருமன் என்பதை உதாரணத்தால் பார்ப்போம். தேரின் மொத்த எடை 200 டன் என்றும், நான்கு சக்கரங்களும் சமமாகச் சுமக்கின்றன என்றும், அச்சு சட்டத்தை விட்டு வெளிவரும் இடத்திலிருந்து சக்கரத்தின் நடுப்பகுதி 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். சக்கரத்துக்கு 50 டன் வீதம் கணக்கிட்டால், 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள எஃகு அச்சில் வளைவினால் எழும் தகைவு, அதாவது ஓர் அலகுப் பரப்பில் எழும் உள்விசை, சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 74 நியூட்டன். சாதாரண எஃகு நிரந்தரமாக உருக்குலையத் தொடங்குவது 250 நியூட்டன் அளவில். எனவே மூன்று மடங்குக்கு மேல் பாதுகாப்பு இருக்கிறது என்று மாணவன் திருப்தியடைவான். விட்டத்தை 25 சென்டிமீட்டராகக் குறைத்தாலோ தகைவு 128-க்கு ஏறிவிடும். வலிமை விட்டத்தின் முப்படியைப் பொறுத்தது என்பதனால், ஆறில் ஒரு பங்கு மெலிந்ததற்குத் தண்டனை முக்கால் பங்கு.

கணக்கு இத்துடன் முடிந்துவிடுவதாக நினைப்பதே பலரும் செய்யும் பிழை. வீதியில் ஒரு பள்ளம் வந்து, விறைப்பான சட்டத்தில் பூட்டிய நான்கு சக்கரங்களுள் ஒன்று தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்குமானால், முழுப் பாரமும் மற்ற மூன்றின் மேல் சமமாகப் பகிரப்படுவதில்லை. மூலைவிட்டமாக எதிரெதிரே உள்ள இரண்டே சக்கரங்கள் அதை ஏற்க நேரும். உடனே 74 என்பது 148 ஆகிறது. மூன்று மடங்காகத் தோன்றிய பாதுகாப்பு இரண்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பாதுகாப்புக் காரணி என்பது அறியாமைக்குச் செலுத்தும் காப்பீட்டுத் தொகை என்று சிலர் வேடிக்கையாகச் சொல்லுவதுண்டு. பள்ளத்தை முன்கூட்டியே நினைத்துப் பார்ப்பவனுக்கு அத்தொகை குறைகிறது.

இனி, அச்சு சுழலுகிறதா, நிற்கிறதா என்பது மற்றொரு முக்கியமான வினா. தேரில் அச்சு அசையாமல் இருக்க, சக்கரங்களே அதன்மேல் சுழலுகின்றன. அவை கழன்று போகாமல் கடையாணி காக்கிறது. ஆதலால் அச்சின் மேற்பகுதி எப்போதும் அமுங்கியும் அடிப்பகுதி எப்போதும் இழுபட்டுமே இருக்கும். ரயில் வண்டியில் சக்கரமும் அச்சும் ஒன்றாகச் சுழல்வதால், ஒவ்வொரு சுற்றிலும் அதே இழை ஒருமுறை இழுபட்டு ஒருமுறை அமுங்குகிறது. இவ்வாறு மாறிமாறி வரும் தகைவு, ஒரே தடவையில் முறிக்கப் போதாத அளவினதாயினும், நாளடைவில் உலோகத்தைச் சோர்வடையச் செய்து பிளக்கும். 1842-இல் பிரான்சின் வெர்சாய் ரயில் பாதையில் எஞ்சினின் அச்சு முறிந்து ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டே ராங்கின் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர், அச்சின் விட்டம் திடீரென மாறும் மூலைகளில் விரிசல் தொடங்குவதைக் காட்டி, அவ்விடங்களை வளைவாக இழைக்க வேண்டுமென்றார். ஜெர்மனியின் வோலர் பல ஆண்டுகள் சோதனை செய்து, 1870 அளவில் உலோகச் சோர்வின் விதிகளை வகுத்தார்.

ஒன்பது அடி விட்டமுள்ள தேர்ச்சக்கரம் ஒரு கிலோமீட்டர் செல்ல ஏறக்குறைய 116 முறை சுழன்றால் போதும். ஆண்டில் ஓடுவதோ ஓரிரு நாள். எனவே ரயில் அச்சுக்குப் பிரதானமான சோர்வுக் கணக்கு தேருக்கு அத்தனை அவசியமில்லை. அதற்குப் பகை வேறு: ஆண்டு முழுதும் அசையாது நிற்பதால் ஏறும் துருவும், உலர்ந்து போகும் கிரீஸும், வெயிலில் வெடிக்கும் மரமும். சூத்திரங்கள் அனைத்தையும் மனப்பாடம் செய்தவனும், இந்த யந்திரம் எதனால் கெடும் என்று முதலில் கேட்காவிட்டால், தேவையில்லாத கணக்கைத் துல்லியமாகச் செய்து முடிப்பான்.

தேரை நிறுத்தவும் திசை திருப்பவும் பயன்படும் முட்டுக்கட்டை தனியே கவனிக்கத் தக்கது. சரிவாகச் செதுக்கிய அம்மரத்துண்டை உருளும் சக்கரத்தின் முன் சரியான கணத்தில் செருகினால், சக்கரம் சரிவில் ஏற முயன்று வேகமிழக்கிறது. கோணலாக வைத்தால் சற்றே ஒதுங்கித் திரும்புகிறது. நசுங்குவது கட்டைதான், சக்கரமோ அச்சோ அல்ல. ஏதேனும் ஒன்று கெட்டே தீர வேண்டுமானால், அது விலை குறைந்ததாகவும் எளிதில் மாற்றத்தக்கதாகவும் இருக்கும்படி அமைப்பது வடிவமைப்பின் உயர்ந்த யுக்திகளுள் ஒன்று; கடினமான எஃகு அச்சுக்கு மிருதுவான வெண்கலப் புஷ் போடுவதும் இதே கருத்தினால்தான். திருவண்ணாமலைக் கோயில் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருப்பதால், தெற்கு வீதியில் மேற்கு நோக்கி ஏறும் தேர் வடக்கு வீதியில் கிழக்கு நோக்கி இறங்க வேண்டியிருக்கிறது. இழுப்பதைவிட நிறுத்துவது கடினம் என்பது அங்கே விளங்கும்.

நவீன உதவியும் வந்து சேர்ந்திருக்கிறது. அலங்காரத்துடன் 96 அடி உயரமும் சுமார் 300 டன் எடையும் உடையதாகச் சொல்லப்படும் திருவாரூர் ஆழித்தேருக்கு, திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் இரும்புச் சக்கரங்களையும் திரவ அழுத்தத் தடைகளையும் செய்தளித்தது. ஆயினும் முட்டுக்கட்டை போடுவோர் இன்றும் அத்தேருடன் நடக்கிறார்கள். ஒரு தடை தவறினால் மற்றொன்று காக்க வேண்டுமென்ற விதிப்படி இது சரியான ஏற்பாடே.

திருவண்ணாமலையில் திருவிழாவுக்கு முந்திய வாரங்களில் தேர்கள் பிரிக்கப்பட்டுப் பழுது பார்க்கப்படுகின்றன. இம்மாவட்டத்துக் கல்லூரிகளில் யந்திரவியல் பயில்வோர் அச்சமயம் அனுமதி பெற்றுச் சென்று, அச்சின் விட்டத்தையும் சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் உள்ள தூரத்தையும் தாமே அளந்து, மேலே தந்த கணக்கை உண்மையான எண்களோடு போட்டுப் பார்ப்பார்களாக.